பெங்குவினுக்கு முட்டி உண்டா?

லிஃப்ட்டுக்காரருக்குக் கல்யாணமாகி முக்கால் வருஷம் ஆகிவிட்டது. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவர் மகள் இன்னும் முடிவு பண்ணியபாடில்லை. மகள் என்று இங்கே எழுதுவதுகூட அவருடைய ஆசைக்காகத்தான். மனைவியின் முதல் கல்யாணத்துக் குழந்தை அவள். பன்னிரண்டு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி.

பெயரோ உறவோ சொல்லாமல் ஒரு ஆளோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. குட்டி அதில் கைதேர்ந்துவிட்டாள். வாக்கியத்தை நடுவிலிருந்து ஆரம்பிப்பாள். "...உப்பு இந்தப் பக்கம் வேணும்" என்பாள். "...அம்மா குளிக்கிறாங்க, போன் அடிக்குது" என்பாள். அவர் உள்ளறையில் இருந்தால் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அவர் எட்டிப் பார்க்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் குட்டியின் தாய்மாமன் வந்திருந்தபோது இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தார். வேலையில்லாத மனுஷர், அவருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. அங்கிள் என்று கூப்பிடலாமே என்றார். அங்கிள் என்றால் எதிர்வீட்டுக்காரர், பேப்பர் போடுகிறவர், பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறவர் எல்லாரும்தானே என்று குட்டியின் அம்மா முறைத்தாள். சரி, சித்தப்பா என்றார். லிஃப்ட்டுக்காரரோ குட்டியின் இறந்துபோன அப்பாவைவிட நாலு வயது மூத்தவர். அப்படியானால் முறைப்படி பெரியப்பா என்று மாமன் தீர்ப்பே எழுதப் போனார். ஹோம்வொர்க் இருக்கிறது என்று சொல்லிவிட்டு குட்டி எழுந்து போய்விட்டாள். லிஃப்ட்டுக்காரர் டீ கிளாஸைக் கழுவப் போனார்.

மிச்சமிருந்த ஒரு வார்த்தையை அன்று யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. குட்டிக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். முகம்கூட அவளுக்குப் போட்டோவில் பார்த்ததுதான். ஆனாலும் அந்த வார்த்தை அவருக்குச் சொந்தம். அதை எடுத்து இன்னொரு ஆளுக்குக் கொடு என்று எந்தக் குழந்தையிடம் கேட்க முடியும்? லிஃப்ட்டுக்காரருக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டார். நாற்பத்து மூன்று வயதுவரை தனியாகவே சமைத்துத் தனியாகவே சாப்பிட்ட மனுஷர், ஆசைப்படாமல் என்ன செய்வார்?

அவருக்கு மனைவி கிடைத்த கதையும் கேட்க வேண்டியதுதான். அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்குத் திரைச்சீலைக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு போனபோது, லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் இவர் போய்க் கதவைத் திறந்தார். வெளியே வந்தவள் நன்றி சொல்லவில்லை. நின்று நிதானமாக, மூச்சு வாங்காமல் திட்டித் தீர்த்தாள். இவர் கேட்டுக்கொண்டே கம்பிகளை மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வாரம் தன் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும் என்று கடை வாசலில் போய் நின்றார். அவர் வீட்டில் இருந்ததே ஒரு ஜன்னல்தான், அதற்கும் ஏற்கெனவே திரைச்சீலை இருந்தது.

அம்மாவிடம் இப்படி மளமளவென்று நடந்த காரியம் மகளிடம் நகர மறுத்தது. அப்போதுதான் அவர் போனைக் கையில் எடுத்தார். லிஃப்ட் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். ஸ்பேர் பார்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும், கட்டடத்துக்காரர் சாவி கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் அவர் இன்டர்நெட்டில் கண்டதையும் படிப்பார். படித்து, தானே சிரித்து, தானே ஆச்சரியப்பட்டு, யாரிடமும் சொல்ல ஆளில்லாமல் போனை மூடி வைத்துவிடுவார். இப்போது சொல்ல ஒரு ஆள் இருக்கிறதே என்று ஒருநாள் தோன்றியது. பள்ளிக்கூட வேலைக்காக அம்மாவின் பழைய போன் குட்டியிடம் இருந்தது. அதற்கு அனுப்பினார்.

முதலில் அனுப்பியது வொம்பாட் என்கிற மிருகத்தைப் பற்றி. குட்டிக் கரடி மாதிரி இருக்கும் அது, பகடைக்காய் கணக்காகக் கட்டம் கட்டமாகக் கக்கா போகுமாம். படத்தோடு அனுப்பினார். இரண்டு டிக்கும் நீலமாயின, பதில் இல்லை. அடுத்து, காபி தீர்ந்துவிட்டதா என்று எழுந்துபோய்ப் பார்க்கச் சோம்பல்பட்ட கம்ப்யூட்டர் ஆட்கள் காபிக் குடுவைக்கு எதிரே கேமரா வைத்ததையும், அதுதான் உலகத்தின் முதல் வெப்கேம் என்பதையும் அனுப்பினார். நீல டிக். வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம் என்று அனுப்பினார். அதற்கும் நீல டிக்தான். மனுஷர் விடவில்லை. பார்க்கிறாள் இல்லையா, அது போதும் என்று தினம் ஒன்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தங்கமீனுக்கு மூன்று விநாடிக்குமேல் ஞாபகம் நிற்காது என்று அனுப்பினார். அப்போது அவர் ஒரு கட்டடத்தில், லிஃப்ட் வந்து நிற்கும் குழிக்குள்ளே இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். போன் சிணுங்கியது.

"பொய்."

அவ்வளவுதான் பதில். அதன் கீழே ஒரு லிங்க். திறந்து பார்த்தார். தங்கமீனுக்கு மாதக்கணக்கில் ஞாபகம் இருக்குமாம், பழக்கினால் வித்தை எல்லாம் காட்டுமாம். ஊர் உலகமே நம்பிக்கொண்டிருக்கும் புளுகை இவரும் நம்பியிருந்தார். குழிக்குள்ளிருந்து அவர் சிரித்த சிரிப்பில் கட்டடத்து வாட்ச்மேன் ஓடிவந்து, அடி ஏதாவது பட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். ஐயோ, நான் நம்பிட்டேனே என்று இவர் பதில் எழுதினார். எதையும் செக் பண்ணிட்டுத்தான் அனுப்பணும் என்று அங்கிருந்து உடனே கண்டிப்பு வந்தது. அன்று சாப்பிடும்போது தங்கமீனின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி குட்டி அம்மாவிடம் நீட்டி முழக்கினாள். அம்மாவிடம்தான் பேசினாள், ஆனால் அவருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

மறுநாள் ஒரு நிஜத்தை அனுப்பினார். நீல டிக்கோடு சரி. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். நிஜத்துக்கு நீல டிக், பொய்க்குப் பேச்சு என்று அவருக்கு மெதுவாக உறைத்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததை நியாயப்படுத்த எனக்கு மனசில்லை, கோபித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. உட்கார்ந்து யோசித்து, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இருபத்தைந்து எலும்பு என்று ஒரு பொய்யை அனுப்பினார்.

நினைத்த மாதிரியே பாய்ந்து வந்தது பதில். ஏழுதான், நமக்கும் ஏழுதான். அன்று சாப்பாட்டு மேஜையில் குட்டி தன் பின்கழுத்தைத் தடவி எலும்பை எண்ணிப் பார்த்தாள். இவரும் தன் கழுத்தைத் தடவினார். இரண்டு பேருக்கும் கணக்கு வரவில்லை. சோறு ஆறுகிறது என்று அம்மா அதட்டினாள்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. நாலைந்து நிஜம், நடுவில் ஒரு பொய். யானைக்குத் தும்மல் வராது என்றார், மாட்டிக்கொண்டார். நத்தைக்கு இரண்டு வால் என்றார், மாட்டிக்கொண்டார். பிடிபடும்போதெல்லாம் ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மையை அனுப்பினார். இந்த மனுஷன் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள், யாராவது கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குட்டி முடிவுக்கு வந்தாள். அவரைத் தனியாக நெட்டில் விடாதீர்கள் என்று அம்மாவிடம் கவலையாகச் சொன்னாள். போகப் போக அவளே அவருக்கு அனுப்ப ஆரம்பித்தாள். தனக்குத் தொல்லை கொடுத்தவன் முகத்தைக் காக்கா மறக்காது என்று அனுப்பி, இது நிஜம், நானே செக் பண்ணிட்டேன் என்று கீழே எழுதினாள். அந்த வரியை லிஃப்ட்டுக்காரர் எத்தனை முறை படித்தார் என்று கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். என்றைக்காவது மாட்டிக்கொள்வீர்கள் என்று எச்சரித்தாள். பார்த்துக்கலாம் என்று சிரித்து மழுப்பினார். கூப்பிடுவது இன்னும் நடக்கவில்லைதான், ஆனால் பேச்சு வந்துவிட்டது. கூப்பிடுவதும் வந்துவிடும் என்று நம்பினார்.

பெங்குவினை அவர் அனுப்பியது ஒரு காலை நேரத்தில். பெங்குவினுக்கு முட்டியே கிடையாது, அதனால்தான் அப்படித் தத்தித் தத்தி நடக்கிறது என்று எழுதினார். படிக்கிறவர்களுக்கு ஆமாம் என்றுதான் தோன்றும். அவருக்கே எழுதிய பிறகு கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது. பொய் என்று வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அன்று மூன்று கட்டடங்களில் லிஃப்ட் மக்கர் பண்ணியதால் பெங்குவின் அவர் நினைப்பிலிருந்தே போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குட்டியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மனைவி, கொண்டுவந்திருந்த தையலைப் பிரித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அறிவியல் டீச்சர் போன் பண்ணியிருந்தாராம். வகுப்பில் பறவைகளைப் பற்றிப் பாடம். பெங்குவினைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று டீச்சர் கேட்க, என்றைக்கும் கை தூக்காத குட்டி அன்று கை தூக்கியிருக்கிறாள். எழுந்து நின்று, பெங்குவினுக்கு முட்டியே கிடையாது என்று கணீரென்று சொல்லியிருக்கிறாள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அதெல்லாம் உண்டு என்று மறுக்க, இவள் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாள். கடைசியில் டீச்சர் பெரிய திரையில் ஒரு எக்ஸ்ரே படத்தைப் போட்டுக் காட்டினாராம். இறகுக்குள்ளே மடங்கிக்கொண்டு, பட்டவர்த்தனமாக இரண்டு முட்டி. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மத்தியானத்துக்குள் குட்டிக்கு முட்டி என்று பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது.

"யார் சொன்னாங்கன்னு டீச்சர் கேட்டிருக்காங்க," என்றாள் மனைவி. தையல் பிரிப்பதை நிறுத்திவிட்டாள். "எங்கப்பான்னு சொல்லியிருக்கா."

லிஃப்ட்டுக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எந்த வார்த்தைக்காக முக்கால் வருஷமாக ஏங்கினாரோ அது ஒரு வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது, அவர் காதில் மட்டும் விழவில்லை. அதுவும் எதற்காகச் சொல்லியிருக்கிறாள்! அவர் வேண்டுமென்று கட்டிவிட்ட கதைக்குச் சாட்சி சொல்ல. சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தன. இரண்டில் எதற்காக அழுவது என்று தெரியாமல் விழித்தார்.

மனைவி யதார்த்தக்காரி, வழி சொன்னாள். நானும் ஏமாந்துட்டேன்னு சொல்லிடுங்க என்றாள். குட்டி நம்புவாள். ஏற்கெனவே ஏமாளி என்றுதான் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோகும். வேண்டுமென்று செய்தது என்று தெரிந்தால் அவ்வளவுதான், இத்தனை நாள் பேசியதும் நடிப்பா என்று நினைப்பாள், இப்போது வந்த வார்த்தை போய்விடும்.

சொன்னதில் தப்பே இல்லை. லிஃப்ட்டுக்காரரும் தலையாட்டினார். எழுந்து, ஏமாந்துவிட்டேன் என்று சொல்வதற்காகத்தான் போனார். ஒரு இழை அறுந்த கயிற்றைப் பார்த்த பிறகும் லிஃப்ட் ஓடட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற ஆளில்லை அவர். ஆனாலும் அன்றைக்கு அப்படி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். குட்டியின் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் முதலில் பேசியது அவள்தான்.

"பரவால்ல. நீங்க தெரியாமதானே அனுப்புனீங்க. நான்தான் செக் பண்ணியிருக்கணும். இன்னிக்கு மட்டும் பண்ணல."

"ஏன் பண்ணல?"

"தோணல. நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டேன்."

அவரைத் தேற்றுகிறாள். வகுப்பே பார்த்துச் சிரித்த பிள்ளை, சிரிக்க வைத்த ஆளுக்கு ஆறுதல் சொல்கிறாள். தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சு லிஃப்ட்டுக்காரர் வாயில் நிற்கவில்லை.

"தெரிஞ்சுதாம்மா அனுப்புனேன்," என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பெங்குவின், ஒட்டகச்சிவிங்கி, யானை, நத்தை. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. தங்கமீன் என்று கேட்டாள். அது ஒன்றில்தான் நிஜமாகவே ஏமாந்தேன் என்றார். ஏன் என்று கேட்டாள். அதற்குச் சுற்றி வளைக்காத பதில்தான் அவரிடம் இருந்தது.

"நிஜம் அனுப்புனா நீ ஒண்ணுமே எழுதமாட்ட. பொய் அனுப்புனாத்தான் எங்கிட்ட பேசுற. அதான்."

குட்டி கதவுப் பிடியைப் பிடித்தாள்.

"அந்தப் பையன் கேட்டான், உங்கப்பா பொய்யரான்னு. எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு, ஏமாந்துருப்பாருன்னு அவன்கூட சண்டை போட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. நடுவிலிருந்து தொடங்கும் வாக்கியங்கள்கூட நின்றுவிட்டன. உப்பு வேண்டுமென்றால் குட்டி எழுந்து சுற்றிவந்து எடுத்துக்கொண்டாள். அவர் எதையும் அனுப்பவில்லை. காத்திருக்கும் நேரத்தில் போனைத் திறக்கவே பிடிக்காமல் மெஷின் ரூமில் மோட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சொன்னதைச் செய்திருக்கலாம் இல்லையா என்று மனைவி ஒரு முறை கேட்டாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்க செஞ்சதுதான் சரி, ஆனா எனக்குக் கஷ்டமா இருக்கு என்றாள்.

வாரக் கடைசி கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை. அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். யூனிஃபார்மும் பையுமாகக் குட்டி எதிரே வந்து நின்றாள்.

"...இன்னிக்கு லீவு போட முடியுமா?"

அரை நாள் போடலாம் என்றார். ஸ்கூலுக்கு வரணும் என்றாள். எதற்கு என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கம்பெனிச் சட்டையோடு அப்படியே கிளம்பிவிட்டார்.

தெருவில் அவள் ரெண்டடி முன்னால் நடந்தாள். அவர் பின்னால். காலை வேளைக் கடைகள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. பெரிய சாலை முனைக்கு வந்தார்கள். சிக்னலுக்காக நின்றபோதுதான், முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"பேசுன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா பேசியிருப்பியா?"

யோசித்தாள். மரியாதைக்காக எதையாவது சொல்லி வைக்கிற பிள்ளையில்லை அவள். சிக்னல் மாறி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிய பிறகுதான் பதில் வந்தது.

"மாட்டேன்."

"அதான்."

"அதுக்காகப் பொய் சொல்லுவீங்களா?"

"தப்புதான்," என்றார். மிச்ச தூரத்தை அவள் பக்கத்திலேயே நடந்தாள். அதை அவர் கவனித்தார், கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். இன்றைக்குப் பெற்றோர் வரும் நாள் இல்லையாம், யார் என்ன என்று தெரியாமல் உள்ளே விட முடியாதாம். லிஃப்ட்டுக்காரர் கம்பெனிச் சட்டையோடு நின்றதைப் பார்த்து, ரிப்பேர் வேலையா என்று வேறு கேட்டார். இவர் குட்டியைப் பார்த்தார். தான் யார் என்று இந்தக் குழந்தையின் முன்னால் எப்படிச் சொல்வது? குட்டியின் மாமன் சொன்னது, மனைவி முறைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. மனைவியின் பெயரைச் சொல்லி, இன்னாரின் கணவர் என்று ஆரம்பிக்கலாமா என்று பார்த்தார்.

அதற்குள் குட்டி அவருக்கும் வாட்ச்மேனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"எங்கப்பா," என்றாள். "ஒரு தப்பு பண்ணிட்டாரு. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் வந்து சொல்லணும். அதான் கூட்டிட்டு வந்துருக்கேன்."

பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்துவரும் அப்பன்மார்கள் எத்தனையோ பேரைப் பார்த்துச் சலித்தவர் அந்த வாட்ச்மேன். அப்பனைக் கூட்டிவரும் பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

லிஃப்ட்டுக்காரர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு சொல்லியிருக்கிறாள். பொய்யர் என்று தெரிந்து, அவர் வாயாலேயே கேட்டு, இரண்டு மூன்று நாள் கோபித்துக்கொண்டு, அதற்கும் பிறகு சொல்லியிருக்கிறாள். அதுவும் அவர் காதுபட.

"வாங்கப்பா," என்று உள்ளேயிருந்து திரும்பிப் பார்த்தாள். "முதல் பீரியடே சயின்ஸ்தான்."